நெற்றியெழுத்தும் மறுவாழ்வும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

1825-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் சுமத்ராத் தீவின் பென்கூலனிலிருந்து வந்த கைதிகளின் முதல் தொகுதி சிங்கப்பூர்க் கரையில் இறங்கியது. வந்தவர் எண்பது பேர்; அனைவரும் சென்னை மாகாணத்தில் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்து சேர்ந்தனர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் பென்கூலனை டச்சுக்காரரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அங்கிருந்த கைதிகளை எங்கேயேனும் வைத்தாக வேண்டும் என்னும் நிலையில், ஆறு வயதே நிறைந்திருந்த இப்புதுக் குடியேற்றம் அவர்களுக்குரிய இடமாயிற்று.

இத்தீவில் தமிழர் வரலாற்றைப் பேசும் மேடைகளில் 1819-இல் ராஃபிள்சுடன் வந்திறங்கிய நாராயண பிள்ளையின் பெயர் தவறாமல் ஒலிக்கும்; அது முறையே. செட்டியார்களும், சூலியா வணிகர்களும், சட்டியும் குடமும் சுமந்து வந்த தொழிலாளரும் நினைவுகூரப்படுவர். ஆனால் காலில் விலங்குடன் வந்திறங்கிய அந்த எண்பது பேரும், அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டேயிருந்தவர்களும் மேடைப் பேச்சில் இடம்பெறுவதில்லை. பெருமைக்குரிய முன்னோர் பட்டியலில் கைதியைச் சேர்க்க எவருக்கும் மனம் வருவதில்லை. எனினும் நீண்டகாலத் தண்டனை பெற்றவருக்கு மறுவாய்ப்பு உண்டா, அவருக்குக் கருணை காட்டலாமா என்னும் கேள்வி எழும்போது, இம்மண்ணிலேயே அதற்கு ஒரு பழைய விடை கிடக்கிறது என்பதை அறிதல் நலம்.

அக்காலத்தில் வங்காள, சென்னை மாகாணங்களில் கொடுங்குற்றம் புரிந்து ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. வடநாட்டார் இதனைக் கோத்னா என்றனர். தலையெழுத்து என்று உவமையாகச் சொல்வதை அரசாங்கம் மெய்யாகவே ஊசி கொண்டு எழுதியது. தப்பியோடினால் பிடிப்பதற்கு எளிது என்பது காரணம். 1849-இல் இவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் முன்னரே குத்தப்பட்டவரின் நெற்றி மாறவில்லை. தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துக் கட்டி அவ்வெழுத்தை மறைத்துக்கொண்டு அவர்கள் நடமாடினர். தண்டனைக் காலம் முடிந்தவரும் அவ்வாறே நடமாடினார் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, அக்கைதிகள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைச் சற்று விரித்துரைக்கத் தகும். 1818-இல் பென்கூலனுக்குச் சென்ற ராஃபிள்ஸ் அங்கிருந்த இந்தியக் கைதிகளைக் கண்டு, நன்னடத்தைக்கு எவ்விதப் பலனும் கிட்டாத இடத்தில் ஒருவன் நல்லவனாக மாற வேண்டிய காரணமே இல்லை என்று கருதினார். அவர்களை வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பினர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம். நிலம் பெற்றுக் குடியமரலாம். இக்கருத்தே பின்னர் நீரிணைக் குடியேற்றங்களில் வேரூன்றிற்று. ஆளுநர் பட்டர்வொர்த் 1845-இல் வகுத்த விதிகள் கைதிகளை ஆறு வகுப்பினராக்கின. புதிதாக வந்தவர் நான்காம் வகுப்பில் இலேசான விலங்குடன் தொடங்குவார். முரடரும் தப்பியோட முயன்றவரும் ஐந்தாம் வகுப்பில் கனத்த விலங்கு சுமப்பர். நடத்தை சீராக இருந்தால் மூன்றாம் வகுப்புக்கு ஏற்றம். அங்கே சாலை வேலை, கட்டட வேலை. அதற்கும் மேலே இரண்டாம் வகுப்பில் மேற்பார்வைப் பணி. முதியோரும் நோயாளரும் பெண்களும் ஆறாம் வகுப்பினர். உச்சியிலிருந்த முதல் வகுப்பினருக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்படும். அதனைப் பெற்றவர் சிறைக்கு வெளியே குடியிருந்து, தம் கைத்தொழிலால் பொருளீட்டி, குறித்த நாள்களில் மட்டும் நேரில் வந்து பெயர் கொடுத்துச் செல்லலாம்.

இரண்டாம் வகுப்பைப் பற்றி ஒரு செய்தி. கைதிகளைக் காவல் காத்தவர் பெரும்பாலும் கைதிகளே. அவ்வாறு உயர்ந்தவர்களுக்குத் தண்டல் என்றும் ஜமேதார் என்றும் பதவிப் பெயர்கள் வழங்கின. தண்டல் என்பது படகோட்டிகளின் தலைவனைக் குறிக்கும் பழைய சொல். ஆங்கிலேயர் வாயில் டின்டல் ஆயிற்று. நேற்று விலங்கு பூண்டவர் இன்று தம்மைப் போன்ற பத்துப் பேருக்குப் பொறுப்பாளி. கைதிகளின் கண்காணிப்பாளராகவும் பொறியாளராகவும் இருந்த மக்நேர் என்பவர் 1899-இல் வெளியிட்ட நூலுக்குக் 'கைதிகளே தமக்குக் காவலர்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். பேயன்பற்றிய கதைபோல் சிலருக்கு இது தோன்றலாம். ஆயினும் பல ஆண்டுக் காலம் இவ்வாறே நடந்தது.

அவர்கள் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். புனித ஆண்ட்ரூ தேவாலயம் கைதிகளின் உழைப்பால் எழுந்தது; 1862-இல் அதற்குத் திருநிலைப்பாடு நடந்தது. அதன் சுவர்களுக்குச் சென்னைச் சுண்ணாம்பு பூசினர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கருப்பட்டி போன்ற கரடுமுரடான சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, காய்ந்த பின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சோழ மண்டலக் கரையில் வீட்டுச் சுவருக்குப் பூசும் கைவேலை அது. அதனை அறிந்த கொத்தனார் ஒருவர் கொலையோ கொள்ளையோ செய்து இங்கே வந்திருந்தால், கொலைகாரர் என்பதோடு அவரைப் பற்றிய குறிப்பு முடிந்துவிடவில்லை. கொத்தனார் என்றும் எழுதப்பட்டது. 1869-இல் முடிந்த ஆளுநர் மாளிகை, இன்றைய இஸ்தானா, அதுவும் அவர்கள் கைபட்டதே. செங்கற் சூளை, தச்சு, கொல்லு, நெசவு, கல்லுடைப்பு எனத் தொழில்கள் பலவும் சிறைக்குள் கற்பிக்கப்பட்டன. புகைப்படக் கலையும் அச்சுத் தொழிலும்கூடக் கற்றவருண்டு. புலிகள் தொல்லை மிகுந்த காலத்தில் துப்பாக்கியைக் கையில் கொடுத்துக் கைதிகளைக் காட்டுக்குள் அனுப்பினர். ஆயுள் தண்டனைக் கைதியின் கையில் துப்பாக்கி! இன்று எந்த நாட்டுச் சிறை அதிகாரி அதற்குத் துணிவார்?

இதனைப் பொற்காலம் என்று பாடுவது பிழையாகும். கம்பெனிக்குக் கூலியில்லா ஆள் தேவைப்பட்டது. சதுப்பைத் தூர்க்கவும் சாலை போடவும் கைதி மலிவு. கடல் கடந்தால் குலம் போகும் என்று அஞ்சிய மக்களை அவ்வச்சத்தாலேயே தண்டிக்க எண்ணியவர்கள் அவர்கள். 1801-இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் சிவகங்கை வேங்கம் பெரிய உடையாத் தேவரும் உள்ளிட்டோர் 1802-இல் பினாங்குக்குக் கடத்தப்பட்டதும் இம்முறையின் கீழேதான். எனவே கைதிகள் அனைவரும் குற்றவாளிகளும் அல்லர். நகரத்து ஐரோப்பியரோ இவர்களைக் கண்டு நடுங்கினர். 1857-இல் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டபோது, இனிக் கைதிகளை இங்கே அனுப்ப வேண்டாம் என்று மனுச் செய்தனர். 1873-இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறை கலைக்கப்பட்டது. தண்டனை மீதமிருந்தோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். அனுமதிச் சீட்டுப் பெற்றிருந்தோர் மக்களோடு மக்களாக இங்கேயே கலந்தனர். பால் கறந்தும் வண்டி ஓட்டியும் மணம் புரிந்தும் வாழ்ந்து மறைந்தனர். அவர்தம் பேரப் பிள்ளைகள் யாரென்று இன்று எவரும் அறியார். ஒருவேளை இவ்வவையிலும் இருக்கலாம்.

அவையோர்களே! அரசன் சிறைக் கதவைத் திறப்பது மேலைநாட்டார் கற்பித்த புதுமை அன்று. அசோகர் தம் தூண் கல்வெட்டு ஒன்றில், முடிசூடிய இருபத்தாறு ஆண்டுகளுக்குள் இருபத்தைந்து முறை கைதிகளை விடுவித்ததாகப் பொறித்துள்ளார். மற்றொரு கல்வெட்டில், மரண தண்டனை விதிக்கப்பட்டவருக்கு மூன்று நாள் தவணை தரப்பட்டது. உறவினர் வந்து முறையிடுவதற்காக. கௌடிலியரின் அர்த்தசாத்திரமோ மன்னன் பிறந்த நட்சத்திரத்தன்றும் முழுநிலா நாளிலும் சிறுவர், முதியோர், நோயாளர், ஆதரவற்றோர் ஆகியோரைச் சிறையிலிருந்து விடுவிக்கச் சொல்கிறது. ஒற்றரை ஏவுவதிலும் வரி தண்டுவதிலும் இரக்கமே அறியாத அந்நூலில் இவ்விதி இருப்பது கருதத்தக்கது.

தமிழில் இதனைச் சொல்லிய காப்பியம் மணிமேகலை. காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவில் மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறைக்குள் புகுந்து கைதிகளுக்கு உணவிடுகிறாள். காவலர் வியந்து சோழ மன்னனிடம் அறிவிக்கின்றனர். மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதெனக் கேட்க, அவள் பொன்னும் கேட்கவில்லை, பூமியும் கேட்கவில்லை. சிறையை நீக்கி அவ்விடத்தை அறவோர் வாழும் கோட்டமாக்குமாறு கேட்கிறாள். மன்னன் இசைகிறான். சிறைக்கோட்டம் அறக்கோட்டமான வரலாறு இது. அரசியல் நூலோர் இதனைக் கனவு என்பர். ஆயினும் அதிலுள்ள ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: மணிமேகலை முதலில் மன்னனிடம் போகவில்லை, சிறைக்குள்தான் போனாள். சோறு போட்ட பிறகே கோரிக்கை வைத்தாள்.

இனி நிகழ்காலத்திற்கு வருவோர் சட்டத்தின் நிலையைச் சற்றேனும் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் கருணை என்னும் சொல்லை மக்கள் பல பொருளில் கையாளுகின்றனர். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவிப்பது கருணை அன்று, அது நீதி. தண்டனைக் காலத்தில் நன்னடத்தைக்காகக் கழிவு கிடைப்பதும் கருணை அன்று, அது விதி. குற்றம் உண்மை, தண்டனையும் சட்டப்படியே சரி என்று ஒப்புக்கொண்ட பின்னரும், 'ஆயினும்' என்று ஒரு சொல் சொல்ல நாட்டின் தலைமைக்கு வைத்திருக்கும் அதிகாரமே கருணை. சிங்கப்பூரில் அரசமைப்புச் சட்டத்தின் 22P பிரிவு அதனைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அதனைச் செலுத்துகிறார். மரண தண்டனை வழக்காயின் விசாரித்த நீதிபதியின் அறிக்கையும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அறிக்கையும் தலைமைச் சட்ட அதிகாரியின் கருத்தும் அமைச்சரவைக்குச் செல்லும்.

இவ்வதிகாரம் அரிதாகவே செலுத்தப்பட்டுள்ளது. 1998-இல் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் இளைஞர் ஒருவரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அதன் பின் இருபத்தேழு ஆண்டுகள் எவருக்கும் அது கிட்டவில்லை. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தர்மன் சண்முகரத்தினம் அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்று, போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாக்கினார். ஒரே வழக்கில் தொடர்புடைய இருவர் அடைந்த முடிவுகளுக்கிடையே இருந்த வேற்றுமையைக் குறைப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

சரி, ஆயுள் என்றால் எத்தனை ஆண்டு? எளிய கேள்வியாகத் தோன்றும் இதில் ஒரு மனிதரின் முழு வாழ்வும் அடங்கியிருக்கிறது. 1997 ஆகஸ்ட் 20 வரை சிங்கப்பூரில் ஆயுள் தண்டனை இருபது ஆண்டாகவே கொள்ளப்பட்டது. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் பதின்மூன்று ஆண்டு நான்கு திங்களில் வீடு திரும்பலாம். அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஆயுள் என்றால் உயிருள்ள காலம் முழுமையும் என்று பொருள் கூறியது. அப்பொருள் அந்நாளுக்குப் பின் நிகழும் குற்றங்களுக்கே பொருந்தும் என்றும் வரையறுத்தது. 1998-இல் கருணை பெற்ற அவ்விளைஞருக்கு எந்த ஆயுள் என்னும் வழக்கும் எழுந்தது. குற்றம் 1997-க்கு முற்பட்டது, கருணையோ பிற்பட்டது. 2012-இல் உயர் நீதிமன்றம் அது இருபது ஆண்டே என்று தீர்ப்பளித்தது. சாவினின்றும் தப்பியவர், தாம் பெற்ற உயிருக்கு எத்தனை ஆண்டுச் சிறை விலை என்பதை அறியப் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார்.

இன்று முழு ஆயுள் தண்டனை பெற்றவர் இருபது ஆண்டு கழித்தபின், விடுவிக்கத் தக்கவரா என்று மறு ஆய்வுக் குழு பரிசீலிக்கிறது. தகாதவர் என்றால் அதன் பின் ஆண்டுதோறும் பரிசீலனை உண்டு. பரிசீலனை என்பது விடுதலைக்கு உறுதி அன்று. ஆனால் கதவில்லாச் சுவரும் அன்று. 2013 தொடக்கம் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தால், கொலை வழக்குகளில் சிலவற்றிலும் போதைப்பொருளைக் கொண்டுசென்றவர் சிலருக்கும் மரணத்திற்கு மாற்றாக ஆயுள் தண்டனை விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டாயிற்று. அவ்வாறு உயிர் தப்பியவர்களே பிற்காலத்தில் அக்குழுவின் முன் நிற்கப் போகின்றனர். எனவே இக்கேள்வி குறையப் போவதில்லை, பெருகப் போகிறது.

கடற்பாலத்திற்கு அப்பால் மலேசியா எடுத்த முடிவும் அறியத்தக்கது. அங்கே கருணை அதிகாரம் அரசமைப்பின் 42-ஆம் பிரிவின்படி மாமன்னருக்கும், அந்தந்த மாநிலத்தில் சுல்தானுக்கும் ஆளுநருக்கும் உரியது; மன்னிப்பு வாரியம் ஆலோசனை கூறும். ஆனால் 2023-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வேறொரு வழியைத் திறந்தது. கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 4 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. உயிருள்ளவரை சிறை என்னும் தண்டனையும் முப்பதிலிருந்து நாற்பது ஆண்டு வரையிலான சிறையாக மாற்றப்பட்டது. ஏற்கெனவே தண்டிக்கப்பட்டு எல்லா மேல்முறையீடும் முடிந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பார்க்கத் தனிச் சட்டம் செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. எல்லாருக்கும் குறைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எல்லாரையும் பார்க்க வேண்டும் என்றே சொன்னது. மன்னரின் அருளுக்குக் காத்திருந்தவர், நீதிமன்றத்தில் வழக்கறிஞருடன் நின்று, இத்தனை ஆண்டில் தாம் என்னவாக மாறினார் என்று சொல்ல வாய்ப்புப் பெற்றார். அருளை விட இது மேலானது என்று துணிந்து கூறலாம். அருள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்புக்குக் காரணம் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. கொல்லப்பட்டவரின் தாய்க்கு யார் ஆயுளைக் குறைப்பது? அவள் மகன் பதின்மூன்று ஆண்டில் திரும்பி வருவானா? இருபது ஆண்டில்? இக்கேள்வியைக் கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று தள்ளுவது அறமாகாது. கருணை பேசுவோர் பலர் இவ்விடத்தில் குரலைத் தாழ்த்தி விரைந்து கடந்துவிடுகின்றனர். உண்மை யாதெனில், மன்னிப்பு வேறு, கருணை வேறு. மன்னிப்பு அத்தாய்க்கே உரியது. அரசாங்கமோ கோயிலோ அவள் சார்பில் அதனை வழங்க முடியாது. வழங்கச் சொல்லி அவளை நெருக்கவும் கூடாது. அவள் இறுதிவரை மன்னிக்காமலிருந்தால் அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. அரசு செய்யக்கூடியது வேறு: இருபத்தோரு வயதில் கத்தி எடுத்தவனும் நாற்பத்தைந்து வயதில் கம்பிக்குப் பின்னால் நிற்பவனும் ஒருவரா என்று ஆராய்வது. அவ்வாராய்ச்சியில் அத்தாயையும் அழைத்துக் கேட்பது முறை. விடுதலைச் செய்தியை அவள் நாளிதழில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வருமாயின் அது இரண்டாம் கொடுமை.

விடுதலையாகி வருபவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். 1999-இல் உள்ளே சென்றவர் லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தைக் கண்டதில்லை. அது திறக்கப்பட்டது 2003-இல். பேருந்தில் சில்லறை எண்ணிப் போட்டு ஏறியவர், இன்று எல்லாரும் அட்டையையோ கைப்பேசியையோ காட்டிவிட்டு ஏறுவதைக் கண்டு வாசற்படியில் திகைத்து நிற்பார். காப்பிக் கடையில் நாணயத்தை நீட்டினால் பின்னால் நிற்பவர் பொறுமையிழப்பார். இவை பழகிவிடும். பழகாதவை வேறு. தாயார் இருந்த வீடு வாரியத்திடம் திரும்பிப் போயிருக்கும். தந்தையின் ஈமச் சடங்கு இவர் இல்லாமலே முடிந்திருக்கும். தங்கையின் கணவருக்கு இப்படியொரு மைத்துனர் இருப்பதே சொல்லப்படாமல் இருக்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் தாளில் ஒரு கட்டம், குற்றப் பதிவு உண்டா என்று கேட்கும். குறுகிய காலத் தண்டனை பெற்றவரின் பதிவு ஐந்தாண்டு தூய்மையாக வாழ்ந்தால் கழிந்ததாகக் கொள்ளும் வழி 2005 முதல் உண்டு. நெடுங்காலத் தண்டனைக்கு அது தானாகக் கிட்டுவதில்லை. அன்று தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துக் கட்டினார்களே, அதே நெற்றிதான். எழுதும் இடம் மட்டும் கணினிக்கு மாறிவிட்டது.

நன்மை நடக்காமலும் இல்லை. 1998-இல் விடுதலையானவர்களில் இரண்டாண்டுக்குள் மீண்டும் சிறை சென்றோர் 44.4 விழுக்காட்டினர். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. 1976-இல் தொடங்கிய சிறைத் தொழில், மறுவாழ்வு நிறுவனமும் 2004-இல் எழுந்த மஞ்சள் நாடா இயக்கமும் இதில் பெரும்பங்கு ஆற்றின. இந்து அறக்கட்டளை வாரியமும் ஆசிரமம் என்னும் இடைநிலை இல்லத்தை நடத்தி, சிறையிலிருந்து நேரே தெருவுக்கு வராமல் நடுவில் கால் ஊன்ற ஓரிடம் தந்து வந்துள்ளது. ஆனால் இயக்கங்களால் இயலாத வேலை ஒன்று உண்டு. மறு ஆய்வுக் குழுவாயினும் இடைநிலை இல்லமாயினும் கைதியைப் பற்றி முதலில் அறிய விரும்புவது, வெளியே வந்தால் இவருக்கு யார் இருக்கிறார்கள் என்பதையே. பத்தாண்டுக்கு மேல் உள்ளே இருப்பவரைக் காண வருவோர் தொகை ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும். மனைவி வராமற் போவாள்; நண்பர்கள் முதலாண்டோடு நிற்பர்; கடைசி வரை வருபவள் தாய். அவளும் ஒருநாள் நின்றுவிட்டால் அக்கேள்விக்கு விடை 'எவருமில்லை' என்பதாகும்.

அத்தாய் எல்லாக் கோயிலிலும் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சை விளக்கேற்றுபவள். மகன் எங்கே என்று கேட்டால் ஆஸ்திரேலியாவில் வேலை என்பாள். கேட்டவருக்கும் உண்மை தெரியும். கேட்டுவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். அக்கேள்வியை மட்டும் கேளாதிருந்தால் அதுவே அவளுக்குப் பெரிய தொண்டு.

மகனும் ஒருநாள் வருவார். பெரும்பாலும் கூட்டமில்லா நேரத்தில், காலைப் பூசை முடிந்து கருவறைத் திரை போடும் வேளையில் வருவார். கொடிமரத்தின் அருகே சிறிது நேரம் நிற்பார். திருநீற்றை எடுத்துக்கொண்டு எவரையும் பாராமல் போய்விடுவார். நான்காம் வாரம் நிர்வாக அலுவலகத்தின் வாசலில் நின்று, தொண்டூழியம் செய்ய ஆள் வேண்டுமா என்று கேட்பார். பெயர் கேட்டவுடன் உள்ளே இருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். நாளிதழில் வந்த பெயர் அல்லவா? அன்னதான மடைப்பள்ளியில் ஆள் பற்றாக்குறை இருப்பதும் உண்மை. அங்கே காய்கறி நறுக்கும் நீண்ட கத்தி கிடப்பதும் உண்மை. தயங்குவோரைக் குறை கூறுவதற்கில்லை. 1845-இல் பட்டர்வொர்த்தும் முதல் நாளே எவரையும் தண்டலாக்கிவிடவில்லை. முதல் வாரம் அரிசி களையச் சொல்லலாம். பிறகு அண்டாவைத் தூக்கிவைக்க, வாழையிலை துடைக்க, பந்தியில் மோர் ஊற்ற. தைப்பூசத்திற்கு முந்திய இரவு ஐயாயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கப் பூசணிக்காய் மலைபோல் குவிந்து கிடக்கும். நறுக்குவோர் இருவரே இருப்பர். சமையற்கட்டுப் பொறுப்பாளர் சுற்றிலும் ஆள் தேடிவிட்டு, கத்தியின் பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டுவார்.